உதிர்ந்த நகங்களும் ஒரு சோப்புக் கேனும்

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் என் போனுக்கு ஓய்வு கிடைத்தபாடில்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறையாவது யாரோ ஒருவர் ஒரு விரலைப் படம் எடுத்து அனுப்புகிறார். விரல் மட்டும்தான். ஆள் யார், வயது என்ன, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒரு வரிகூட இருக்காது. "மெஹரக்கா, நகம் கழண்டு வருது, என்னவா இருக்கும்?" என்று கேட்டிருப்பார்கள். அனுப்புகிறவர்களில் பாதிப் பேர் என்னோடு வேலை பார்த்த செவிலியர்கள். நான் டாக்டர் இல்லை. மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனையின் தோல் பிரிவில் வேலைக்காலத்தின் பெரும்பகுதி நர்சாக இருந்தவள், அவ்வளவுதான்.

போன வாரம் அப்படிப் படம் அனுப்பிய ஒரு பெண்ணை நன்றாகத் திட்டிவிட்டேன். ஒரு விரலை வைத்துக்கொண்டு ஜோசியமா பார்க்க முடியும்? அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்ப எப்படித்தான் பாக்கணும்னு எழுதிக் குடுங்கக்கா, குரூப்ல போட்டுர்றேன்" என்றாள். எழுத உட்கார்ந்தால், நகத்துக்கு முன்னால் டாக்டர் கோமதி வந்து நிற்கிறார். அவரை ஒதுக்கி வைத்துவிட்டு நகத்தைப் பற்றி எழுத எனக்கு வராது.

எங்கள் வீடு தெற்குவாசல் பக்கம் ஒரு சந்தில் இருந்தது. அத்தா தகரப்பெட்டி செய்து விற்றுக்கொண்டிருந்தார். நர்சிங் படித்தேன், பிரசவ வார்டில் சில வருடம் ஓடினேன், பிறகு தோல் பிரிவுக்கு மாற்றினார்கள். "யாரைப் பகைச்சுக்கிட்ட மெஹரு?" என்று தோழிகள் கேலி செய்தார்கள். சொறி, சிரங்கு, தேமல் என்று நாள் முழுக்க மற்றவர்கள் உடம்பைப் பார்ப்பது ஒரு வேலையா என்று எனக்கும் எரிச்சல்தான். பிரசவ வார்டில் ஒரு உயிர் வெளியே வரும். இங்கே களிம்பு டப்பாதான் வெளியே போகும் என்று நானே என்னைக் கிண்டல் செய்துகொண்டேன். அந்த எண்ணத்தை ஒரே மாதத்தில் உடைத்தவர் டாக்டர் கோமதி.

அவர் ஒல்லி. குரலும் ஒல்லி. ஆனால் அவர் இருக்கும் அறையில் வேறு யாரும் சத்தம் போட மாட்டார்கள். ஜன்னல் ஓரம் இரண்டு நாற்காலி போடச் சொல்வார். டியூப் லைட் வெளிச்சத்தில் நகம் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. வருகிறவர் சின்னப் பிள்ளையாக இருந்தாலும் "வாங்க" என்றுதான் கூப்பிடுவார். உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றச் சொல்வார். "கையிலதான டாக்டர் பிரச்சனை, கால எதுக்கு?" என்று கேட்காத ஆள் கிடையாது. அவர் பதில் சொல்ல மாட்டார், காத்திருப்பார். ஆள் தானாகவே செருப்பைக் கழற்றிவிடுவார்.

அதற்குப் பிறகு என் வேலை. நகச்சாயம் இருந்தால் பஞ்சில் மருந்து தொட்டுத் துடைக்க வேண்டும். மண் இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஈரம் ஒற்றி எடுக்க வேண்டும். பின்பு டாக்டர் தன் இடது உள்ளங்கையை நீட்டி, அதன் மேல் நோயாளியின் கையை வைக்கச் சொல்வார். பூதக்கண்ணாடி பிறகுதான். முதலில் கண்ணை மூடிக்கொண்டு, தன் ஆள்காட்டி விரல் நுனியால் ஒவ்வொரு நகத்தையும் அடியிலிருந்து நுனி வரை தடவுவார். எங்கே பள்ளம், எங்கே வரப்பு என்பது கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும் என்பார். கை பத்தும் முடிந்தால் கால் பத்து. இருபதையும் பார்த்து முடிக்கும் வரை அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. வெளியே வரிசை நீண்டு, ஆட்கள் முனகுவார்கள். நான்தான் போய் அதட்டிவிட்டு வருவேன். அந்த வேலைக்கு நான் பொருத்தமானவள்.

நகம் உதிர்வது என்றால் என்ன என்று அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது எளிமையான பாடம். நகம் உருவாவது அதன் அடியில், தோலுக்குள் மறைந்திருக்கும் வேரில். உடம்புக்குப் பெரிய அடி ஒன்று விழுந்தால் வேர் தன் வேலையைக் கொஞ்ச நாள் நிறுத்திவிடும். உடம்பு தேறியதும் மறுபடி தொடங்கும். இடையில் ஒரு பிளவு விழுந்துவிடுவதால், புது நகம் வளர வளரப் பழைய நகம் அடியிலிருந்து விட்டுக் கழன்று போகும். கை நகம் மாதத்துக்கு அரை அரிசி நீளம்தான் வளரும். கால் நகம் அதைவிட மெதுவு. ஆகவே இன்றைக்கு ஒரு நகம் கழன்றால், காரணம் ஒன்று ஒன்றரை மாதத்துக்கு முன்னால், சில சமயம் இன்னும் பின்னால் இருக்கும். "நேத்து என்ன சாப்பிட்டீங்கன்னு கேக்கிறதுல பிரயோஜனமே இல்ல மெஹரு. ரெண்டு மாசம் பின்னாடி போய்க் கேக்கணும்" என்பார்.

அப்படிப் பின்னால் போய்க் கேட்டால் என்னென்னவோ வரும். டெங்குவில் படுத்து எழுந்தவர்கள் வருவார்கள். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டவர்கள் வருவார்கள். உடம்பெல்லாம் கொப்புளம் வந்து உடையும் நோய்க்காரர்களுக்கும் நகம் போகும். ஒரு விரலில் மட்டும் போயிருந்தால் கதவிடுக்கில் நசுங்கியதா, ஷூ இறுக்கமா என்று பார்ப்பார். பல விரலில் போயிருந்தால் உடம்புக்குள் நடந்த ஏதோ ஒன்று. இருபதையும் பார்ப்பதன் காரணம் அதுதான். தெரியாவிட்டால் "தெரியல, அடுத்த வாரம் வாங்க, யோசிச்சு வைக்கிறேன்" என்று நோயாளியிடமே சொல்வார். ஒரு பெரிய டாக்டர் வாயால் 'தெரியல' என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது அங்கேதான். கேட்டதும் இவர் மேல் எனக்கு மரியாதை கூடிப்போனது.

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஹாஸ்டலில் தங்கிப் படித்த ஒரு பெண் ஒருமுறை வந்தாள். கை நகம் ஆறோ ஏழோ ஆடிக்கொண்டிருந்தது. துணைக்கு வந்த இரண்டு தோழிகள் அவளைவிட அதிகமாகப் பேசினார்கள். காய்ச்சல் இல்லை, அடிபடவில்லை, மாத்திரை எதுவும் கிடையாது என்று எல்லாவற்றுக்கும் அவர்களே பதில் சொன்னார்கள். டாக்டர் இருபதையும் பார்த்து முடித்தார். "மெஹரு, இந்த ரெண்டு பேரும் காலையிலருந்து நிக்கிறாங்க. கூட்டிட்டுப் போய் டீ வாங்கிக் குடுத்துட்டு வாங்க" என்றார். அத்தனை வருடத்தில் அவர் என்னை டீக்கடைக்கு அனுப்பியதே கிடையாது. புரிந்துகொண்டு இருவரையும் ஓட்டிக்கொண்டு போனேன்.

திரும்பி வந்தபோது அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். ஆரம்பித்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ஹாஸ்டலில் ஒருவருக்கும் தெரியாது. அந்த மருந்து சிலருக்கு நகத்தை உதிர்க்கும். "நீங்களா மாத்திரைய நிப்பாட்டிராதீங்க. நகம் போனா வளந்துரும், மாத்திரைய நிப்பாட்டுனா உயிருக்கு ஆபத்து" என்று அழுத்திச் சொல்லி, நரம்பு டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். தோழிகள் விடவில்லை. "எதனால டாக்டர்?" என்றார்கள். "அது அவங்களுக்கும் எனக்கும் உள்ளது. நீங்க டீ குடிச்சீங்களா?" என்றார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

இப்படி எத்தனையோ. ஆனால் பேரையூர்ப் பக்கம் ஒரு ஊருக்குப் போய் வந்தோமே, அதற்கு ஈடாக இன்னொன்றை என்னால் சொல்ல முடியாது.

அந்த ஊர் அங்கன்வாடியில் முத்துலட்சுமி என்ற டீச்சர் இருந்தார். கொரோனா வந்தபோது ஊருக்கு ஊர் கை கழுவச் சொன்னார்களே, அது முடிந்ததும் எல்லோரும் மறந்துவிட்டார்கள், இவர் மறக்கவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திச் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வைப்பார். டெம்போவில் கேன் கேனாக விற்றுக்கொண்டு வருவார்களே, பச்சை நிறச் சோப்புத் தண்ணீர், அதை வாங்கி வைத்திருந்தார். ஒரு நாள் ஒரு குழந்தையின் கை நகம் கழன்றது. அடுத்தடுத்து மற்ற பிள்ளைகளுக்கும். தவமணி என்பவருடைய மகள் யாழினிக்கு ஏழெட்டு நகம் போய்விட்டது. தவமணி அறுவடை மிஷின் ஓட்டுகிறவர். அவர் மகளின் விரலைப் போனில் படம் பிடித்து, "சோப்புங்கிற பேர்ல எங்க பிள்ளைக கையில விசத்த ஊத்திப்புட்டாய்ங்க" என்று குரல் கொடுத்து அனுப்ப, அது மதுரை வரை வந்துவிட்டது.

அங்கன்வாடியைப் பூட்டினார்கள். டீச்சரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அங்கன்வாடிகளைக் கவனிக்கும் திட்ட அலுவலர் விசாரணை நடத்தினார். கண்டிப்பான மனிதர், கெட்டவர் அல்ல. "பிள்ளைகளுக்கு இதுக்கு முன்னால நோய் ஏதாவது வந்ததா?" என்று டீச்சரைக் கேட்டிருக்கிறார். இல்லை என்றிருக்கிறார் டீச்சர். மறுபடி கேட்டும் இல்லை. நோய் எதுவும் இல்லையென்றால் சோப்புதான் என்று ஆகிவிட்டது. டீச்சருக்கு வேலை போகும், போலீஸ் கேசும் வரலாம் என்ற நிலையில் எங்கள் பிரிவிடம் கருத்துக் கேட்டார்கள்.

பிள்ளைகளை மதுரைக்கு அழைத்து வரச் செய்யலாம் என்றார் அலுவலர். டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. "பிள்ளைக வந்துருவாங்க. அந்தச் சோப்பு, தண்ணி, டீச்சர் எல்லாம் அங்கதான இருக்கு?" என்று கிளம்பிவிட்டார். நான் பஞ்சும் பிளாஸ்டிக் பேசினும் பிஸ்கட் பாக்கெட்டுமாக ஜீப்பில் ஏறினேன்.

போய் இறங்கியபோது அங்கன்வாடி வாசலில் ஊரே நின்றது. அலுவலர் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். தவமணி போனை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார். ஆள் நல்ல உயரம், கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"இதப் பாருங்க டாக்டரம்மா. பச்சப் பிள்ள கை. எம்புட்டுத் துடிச்சிருக்கும்?"

"போன உள்ள வைங்க தம்பி. பிள்ளையக் காட்டுங்க" என்றார் டாக்டர்.

வாசல் வெளிச்சத்தில் நாற்காலி போட்டோம். பிள்ளைகளின் காலெல்லாம் கரிசல் மண். ஒவ்வொருவரையும் மடியில் வைத்து, பிஸ்கட்டைக் கையில் கொடுத்து, காலைக் கழுவித் துடைத்தேன். டாக்டர் வழக்கம்போல் உள்ளங்கையை நீட்டினார். யாழினி தன் கையை அதன் மேல் வைத்துவிட்டு, "வலிக்காது, சும்மா பாருங்க" என்று அவருக்குத் தைரியம் சொன்னாள். கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். தவமணி சிரிக்கவில்லை.

எல்லாப் பிள்ளைக்கும் நகம் போயிருக்கவில்லை, பாதிப் பேருக்குத்தான். போனவர்களுக்கு ஒரே மாதிரி. பழைய நகம் அடியில் விட்டுத் தூக்கியிருந்தது. அதன் கீழே புது நகம் மெல்லிசாக வந்துகொண்டிருந்தது. ரத்தக் கட்டு இல்லை, புண் இல்லை. கால் பெருவிரல்களில் நகம் இன்னும் விழவில்லை. ஆனால் அடியில் ஒரு பள்ளம் ஓடியிருந்தது. டாக்டர் என் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்துக் காட்டினார். இருபது இருபதாக அத்தனை பிள்ளையையும் பார்த்து முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது.

பிறகு தாய்மார்களைக் கேட்டார். ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு முன்னால் பிள்ளைக்கு உடம்புக்கு முடியாமல் போனதா? நோய் ஏதாவது? "நோய் நொடி ஒண்ணும் இல்லங்க" என்றார்கள். வேறு மாதிரிக் கேட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா, ஊசி போட்டீர்களா, மாத்திரை கொடுத்தீர்களா? ஒன்றுமே இல்லை. யாழினியின் அம்மா சுதா மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் சோப்புக் கேனைக் கொண்டுவரச் சொன்னார். மோந்து பார்த்தார். தன் கையில் ஊற்றித் தேய்த்துக் கழுவினார். என்னையும் கழுவச் சொன்னார். "இன்னைக்கு நமக்கு ஒண்ணும் ஆகலங்கிறதால இது நல்ல சோப்புன்னு ஆயிராது" என்று தானே சொல்லிக்கொண்டு, சோதனைக்கு ஒரு பாட்டிலில் எடுத்து வைத்தார். அலுவலரிடம், "காரமான சோப்புப் பட்டா நகம் நுனியிலருந்து தூக்கும். இது அடியிலருந்து விட்டிருக்கு. கால்லயும் பள்ளம் இருக்கு. கால்ல யாரும் சோப்பு ஊத்தல" என்றார்.

"அப்ப சோப்பு காரணமில்லன்னு எழுதிரலாங்களா மேடம்?"

"எழுத மாட்டேன். எதனாலன்னு தெரியாம, இதனால இல்லைன்னு மட்டும் எழுதுனா இந்த ஊர் நம்பாது. டீச்சரக் கூப்பிடுங்க."

அலுவலருக்கு நேரமாகிவிட்டது, ஊர்க்காரர்களுக்குப் பொறுமை போய்விட்டது. எனக்குப் பசி. டாக்டருக்கு மட்டும் எதுவும் ஆகவில்லை. அவருடைய அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் அன்றைக்கு அரைகுறைக் காகிதம் ஒன்றைக் கொடுத்துவிட்டு நாங்கள் மதுரைக்குத் திரும்பியிருப்போம். டீச்சர் காலத்துக்கும் சந்தேகத்தோடு அந்த ஊரில் நடமாடியிருப்பார்.

டீச்சரை உள்ளறையில் வைத்துப் பார்த்தோம். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றார். டாக்டர் "வாங்க, உக்காருங்க" என்றதும் உட்காராமல் பேசத் தொடங்கிவிட்டார்.

"டாக்டர், நீங்க ஒண்ணும் பாக்க வேணாம். நான்தான் செஞ்சேன். சோப்புதான். பிள்ளைக நல்லா இருக்கணும்னுதான் ஊத்துனேன், அது இப்படி ஆயிப்போச்சு. எழுதிக் குடுங்க, கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

"எப்படிச் சோப்புன்னு சொல்றீங்க?"

டீச்சர் முந்தானையிலிருந்து கைகளை வெளியே எடுத்தார். நான்கு விரல்களில் நகம் இல்லை. மற்றவற்றிலும் அடியில் விட்டிருந்தது. விசாரணை முழுக்க அந்தக் கைகளை ஒருவர் கண்ணிலும் காட்டாமல் வைத்திருந்திருக்கிறார். மற்றவர்கள் குற்றம் சொன்னதுகூட அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தன் நகமும் கழன்றபோது, தான்தான் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டோம் என்று அவரே முடிவு செய்துவிட்டார். ஒரு மனுஷி எத்தனை ராத்திரி இதை நினைத்துத் தூங்காமல் கிடந்திருப்பார்?

டாக்டர் தரையைக் காட்டினார். "செருப்பக் கழட்டுங்க."

டீச்சரின் காலையும் கழுவினேன். பெருவிரல்கள் இரண்டிலும் அதே பள்ளம். டாக்டர் அதைத் தடவிவிட்டு, பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்காலில் தோல் அங்கங்கே உரிந்து புதுத்தோல் வந்த வட்டம் வட்டமான தடங்கள் இருந்தன.

"இங்க கொப்புளம் வந்துச்சா?"

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆமா. கையிலயும். வாய்க்குள்ளயும் ரெண்டு."

"அப்ப நோய் எதுவும் வரலன்னு சொன்னீங்களே?"

"அது நோயில்ல டாக்டர்" என்றார் டீச்சர், டாக்டரின் அறியாமையைப் பார்த்து ஆச்சரியப்பட்டவர் மாதிரி. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆத்தா வந்துட்டுப் போனா" என்றார்.

டாக்டர் அவருடைய காலை மெதுவாகத் தரையில் வைத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் சந்திலேயே, மாரியம்மனைக் கும்பிடாத எங்கள் வீட்டிலேயே, அம்மை போட்டால் அதை நோய் என்று சொல்ல அம்மா விடமாட்டார். வேப்பிலையைச் செருகி வைத்துவிட்டுப் பேச்சைக் குறைத்துக்கொள்வோம். அப்படி வளர்ந்தும், காலையிலிருந்து அந்தத் தாய்மார்கள் "நோய் இல்லை" என்று சொன்னபோது எனக்குப் பொறி தட்டவே இல்லை.

டாக்டர் எழுந்து வாசலுக்குப் போனார். இந்த முறை நாற்காலியில் உட்காரவில்லை. தாய்மார்கள் தரையில் உட்கார்ந்திருந்த இடத்தில் தானும் போய் உட்கார்ந்து, சாதாரணமாகக் கேட்டார்.

"பிள்ளைகளுக்கெல்லாம் எப்பம்மா தலைக்குத் தண்ணி ஊத்துனீங்க?"

அம்மை இறங்கியதும் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த நாளை எந்தத் தாயும் மறக்க மாட்டாள். தாய்மார்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் பேச்சு அடங்கவே இல்லை. ஒருத்தி சந்தைக்கு மறுநாள் என்றாள். இன்னொருத்தி தன் கொழுந்தன் பொண்ணு பார்க்கப் போன வாரம் என்றாள். ஒரு வீட்டில் அண்ணனுக்கு வந்து தங்கைக்கு வந்திருந்தது. எல்லாமே சுற்றி வந்து இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் உள்ளே போய் நின்றன. நகம் போன பிள்ளைகள் எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். நகம் போகாத பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஊற்றவில்லை.

சுதாவும் சொன்னாள். தவமணி அவளை வெறித்துப் பார்த்தார்.

"ஏய், யாழினிக்கு வந்துச்சா? எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே?"

"நீங்க மிஷினோட தஞ்சாவூர்ப் பக்கம் கெடந்தீக. ஆத்தா வந்திருக்கிறத போன்ல சொல்லுவாகளா யாராச்சும்? தண்ணி ஊத்தி எல்லாம் நல்லபடியா ஆயிருச்சு. வந்தப்புறம் அதப் போய்ச் சொல்லுவானேன்னு விட்டுட்டேன்."

தவமணி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அலுவலர் டீச்சர் பக்கம் திரும்பினார். "ஏம்மா, எங்கிட்ட ஏம்மா இதச் சொல்லல? எத்தன தடவ கேட்டேன்?"

டீச்சருக்கு முன்னால் டாக்டர் பதில் சொன்னார். "நோய் வந்துச்சான்னு கேட்டீங்க. வரலைன்னாங்க. அவங்க பொய் சொல்லல சார். நானும் காலையிலருந்து அதையேதான் கேட்டேன். கேக்கத் தெரியாதது நமக்குத்தான்."

ஒரு டாக்டர், ஊர் முன்னால், அலுவலர் முன்னால், தரையில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொன்னார். அந்த அம்மாவோடு வேலை பார்த்ததற்கு நான் கொடுத்து வைத்தவள் என்று அப்போது நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

அவர் ஊர்க்காரர்களுக்கு விளக்கியதும் அழகு. ஆத்தா வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வைத்தியத்துல இதுக்குக் கை கால் வாய் நோய்னு பேரு. பெரியம்மை, சின்னம்மை மாதிரி இல்ல, இது வேற. கைல கால்ல கொப்புளம், வாயில புண்ணு. அது இறங்கி ஒரு மாசம் ஒன்றரை மாசத்துல சில பிள்ளைகளுக்கு நகம் கழலும். பெரியவங்களுக்கும் சில சமயம் வரும். பயமில்ல, புதுசு முளைச்சுரும். வேப்பில கட்டுறதக் கட்டுங்க, தண்ணி ஊத்துறத ஊத்துங்க. ஆனா பிள்ள தண்ணி குடிக்கலைன்னாலோ, கிறங்கிப் போய்க் கெடந்தாலோ காத்திருக்காதீங்க, தூக்கிட்டு ஓடியாங்க" என்றார். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இது எச்சில் வழியா, கை வழியா ஒரு பிள்ளைகிட்டருந்து இன்னொரு பிள்ளைக்குப் போகும். அத மட்டுப்படுத்துறது சோப்புப் போட்டுக் கை கழுவுறதுதான். டீச்சர் கழுவி விட்டிருக்கலைன்னா இன்னும் பல பிள்ளைகளுக்கு வந்திருக்கலாம்" என்றார்.

மதுரைக்கு வந்த பிறகு எங்கள் பிரிவில் நோயாளியைக் கேட்கும் கேள்விகளையே அவர் மாற்றினார். நோய் வந்ததா என்று கேட்டு நிறுத்தக்கூடாது. வீட்டில் தண்ணீர் ஊற்றினீர்களா என்று கேட்க வேண்டும் என்றார். சமயநல்லூரிலிருந்து நகம் கழன்ற ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த அப்பா, அந்தக் கேள்வியைக் கேட்டதும், "இது எப்படி டாக்டர் ஒங்களுக்குத் தெரியும்?" என்று மிரண்டு போனது நினைவிருக்கிறது. போனில் படம் அனுப்புகிறவர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன்: இருபதையும் பாருங்கள், இரண்டு மாதம் பின்னால் போங்கள், எதிரே இருக்கிறவர் தன் வீட்டில் எந்தச் சொல்லைச் சொல்வாரோ அந்தச் சொல்லால் கேளுங்கள்.

அன்றைக்கு அந்த ஊரில் டாக்டர் பேசி முடித்த பிறகும் முத்துலட்சுமி டீச்சர் அறை வாசலை விட்டு நகரவில்லை.

"அப்ப நான் செய்யலையா டாக்டர்?"

"இல்லம்மா."

"சோப்பு செய்யலையா?"

"இல்லம்மா."

"நல்லாப் பாத்துட்டீங்களா? நான் செய்யலையே?"

"நல்லாப் பாத்துட்டேன். நீங்க செய்யல." டீச்சர் எத்தனை தரம் கேட்டாரோ அத்தனை தரமும் டாக்டர், முதல் தரம் சொல்வது போலவே சொன்னார். அவசரப்படாதவர்களைப் பார்த்திருக்கிறேன், அன்றைக்கு அவரைப் போல ஒருவரைப் பார்த்ததில்லை.

அலுவலர் அங்கன்வாடியை மறுநாளே திறக்கலாம் என்றார். சுதா பிள்ளைகளுக்குப் பசிக்கிறது என்று சொல்லி, வீட்டிலிருந்து ஒரு சட்டி தக்காளிச் சோறு கொண்டுவந்து வைத்தாள். எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் கேனைப் பார்த்தார். "வேணாம். வெறும் தண்ணியிலயே கழுவிக்கிடட்டும். நான் இனி இதத் தொட மாட்டேன்" என்று பின்னால் போனார்.

படியில் உட்கார்ந்திருந்த தவமணி எழுந்தார். கேனைத் தூக்கிக்கொண்டு டீச்சரிடம் போய், அதை அவர் கையில் கொடுத்துவிட்டு, தன் இரண்டு கையையும் நீட்டினார்.

"எனக்கு ஊத்துங்க டீச்சர்."

டீச்சர் அசையவில்லை. தவமணியும் கையை எடுக்கவில்லை. பிறகு டீச்சர் கேனைச் சாய்த்தார். நகமில்லாத அவருடைய விரல்களில் கேன் நழுவி, பாதி தரையில் கொட்டியது. தவமணி மடமடவென்று தேய்த்தார். அப்பாவின் பின்னாலேயே வந்து காலைக் கட்டிக்கொண்டு நின்ற யாழினி நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சத்தமாகச் சொன்னாள்: "டீச்சர், எங்கப்பா விரலிடுக்குல தேய்க்கவே இல்ல!"

டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வகுப்பில் பேசும் குரலில், "விரலிடுக்குலயும் தேய்ங்க தவமணி" என்றார். அவர் தேய்த்தார்.